கம்பளியும் காம்பராவும்: மாத்தளைத் தோட்டங்களில் இரவு மூக்கடைப்பின் வரலாறு

1916ஆம் ஆண்டில் றொக்பெல்லர் நிறுவனத்தின் ஆதரவுடன் இலங்கையில் கொக்கிப்புழு ஒழிப்பு இயக்கம் தொடங்கப்பட்டபோது, அதன் முதற்களமாக அமைந்தது மாத்தளைப் பகுதித் தோட்டங்களே ஆகும். வெறுங்காலின் வழியே உடலுக்குள் புகுந்து குடலில் தங்கி இரத்தத்தை உறிஞ்சும் அப்புழுவைத் தேடி, தொழிலாளரின் மலம் சோதிக்கப்பட்டது, மருந்து கொடுக்கப்பட்டது, மலசலகூடம் அமைக்குமாறு தோட்ட நிர்வாகங்கள் வற்புறுத்தப்பட்டன. அதற்கு முன்னரே 1872இலும் 1912இலும் இயற்றப்பட்ட மருத்துவத் தேவைகள் சட்டங்கள், தோட்டத் தொழிலாளரின் மருத்துவத்துக்கான பொறுப்பை ஓரளவு வரையறுத்திருந்தன. வாந்திபேதி, வயிற்றுளைச்சல், நிமோனியா ஆகியன இந்த ஏற்பாடுகளின் கவனத்தை ஈர்த்தன. ஏனெனில் அவை ஆளைக் கொன்றன, அல்லது வேலைக்கு வரவிடாமல் தடுத்தன. இரவெல்லாம் மூக்கடைத்து, வாயால் மூச்சுவிட்டு, தொண்டை வறண்டு விழித்துக் கிடந்தவரோ விடியற்காலையில் தப்புச் சத்தம் கேட்டதும் எழுந்து, ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக் களத்துக்குச் சென்றுவிட்டார். எனவே இரவு மூக்கடைப்பின் வரலாற்றை வைத்திய அறிக்கைகளைக் காட்டிலும், மக்கள் உறங்கிய இடத்தின் கூரை, தரை, படுக்கை, அடுப்பு ஆகியவற்றிலிருந்தே திரட்ட வேண்டியுள்ளது.

கோப்பிப் பயிர்ச்செய்கை பரவிய காலத்தில் தென்னிந்தியாவிலிருந்து வந்த தொழிலாளர்கள் மன்னார்க் கரையில் இறங்கி, தம்புள்ளை, நாலந்தை வழியாகக் காட்டுப் பாதையில் நடந்து மலைநாட்டின் வாயிலான மாத்தளையை அடைந்தனர். வழியில் மடிந்தவர் போக எஞ்சியோர் லயங்களில் குடியமர்த்தப்பட்டனர். லயம் என்பது ஒரே கூரையின்கீழ் வரிசையாக அடுக்கப்பட்ட அறைகளைக் கொண்ட நீண்ட கட்டடமாகும். அதன் ஓர் அறை, போர்த்துக்கேயரிடமிருந்து வந்த சொல்லால் காம்பரா எனப்பட்டது. ஏறத்தாழப் பத்தடிக்குப் பன்னிரண்டடி அளவுள்ள அந்த ஓர் அறையிலே ஒரு குடும்பம் முழுவதும், சில வேளைகளில் அதற்கு மேலும், வாழ வேண்டியிருந்தது. முதுகோடு முதுகு ஒட்டியவாறு கட்டப்பட்ட இரட்டை லயங்களில் பின்சுவர் மறுபக்கத்துக் குடும்பத்துக்கும் பொதுவாக இருந்தமையால், காற்று ஒரு பக்கத்தால் நுழைந்து மறுபக்கத்தால் வெளியேறும் வாய்ப்பே இல்லாது போயிற்று. இஸ்தோப்பு எனப்படும் முன்திண்ணையிலோ, மழைக்காலத்தில் காம்பராவுக்குள்ளேயோ விறகடுப்பு எரிந்தது. தொடக்ககாலப் புற்கூரை புகையை ஓரளவேனும் கசிய விட்டது. பின்னர் வந்த தகரக்கூரை அதையும் தடுத்ததோடு, குளிர்ந்த இரவுகளில் சமையலின் ஆவியையும் உறங்குவோரின் மூச்சையும் நீர்த்துளிகளாக்கி மீண்டும் படுக்கையின்மீதே சொட்டியது.

இந்த ஈரம் மாவட்டம் எங்கும் ஒரே அளவினதன்று. தம்புள்ளை, கலேவெல போன்ற வடபகுதிகள் உலர்வலயத்தைச் சேர்ந்தவை. றத்தொட்டை, எல்கடுவ முதலிய மலைப்பகுதிகளோ நக்கிள்ஸ் மலைத்தொடரின் மழையையும் மூடுபனியையும் பெறுபவை. ஒக்டோபரில் இடைப்பருவ மழையாகத் தொடங்கி வடகீழ்ப் பருவக்காற்று ஓயும் வரையில் அங்கே சுவர் உலர்வதில்லை, துணியும் உலர்வதில்லை.

அந்த மாதங்களில் தொழிலாளரின் உடலோடு ஒட்டிக் கிடந்த பொருள் கம்பளியாகும். முரட்டு ஆட்டுரோமத்தால் நெய்யப்பட்ட இப்போர்வை, தோட்டத்தில் முற்பணக் கணக்கில் வழங்கப்பட்டு, அரிசியின் விலையைப் போலவே கூலியிலிருந்து கழிக்கப்பட்டது. பகலில் தலைமேல் மடித்துப் போட்டால் அது மழைக்கவசம். இரவில் அதுவே போர்வை. மலையில் நனைந்த கம்பளி மாலையில் அடுப்பின் அருகே தொங்கவிடப்பட்டு, புகை மணமேறி, அரைகுறையாகக் காய்ந்த நிலையில் முழுக் குடும்பத்தின்மீதும் போர்த்தப்பட்டது. மாற்றுக் கம்பளி வாங்குவது கடனைப் பெருக்குவதாகையால், கிழியும்வரை ஒன்றே பயன்பட்டது. தோட்ட வாழ்வைப் பற்றிப் பேசும் நூல்கள் கம்பளியைக் கடனின் அடையாளமாகவே பெரும்பாலும் காண்கின்றன. ஆனால் இரவு மூச்சின் வரலாற்றில் அதன் இடம் அதைவிடப் பெரிது என்று கருத இடமுண்டு.

அவ்வாறு கருதுவதற்கான அறிவியல் ஆதாரம் மிகப் பிந்தியே கிடைத்தது. உடல் தனக்குத் தீங்கற்ற ஒரு பொருளைப் பகையாகக் கருதி அளவுமீறி எதிர்க்கும் ஒவ்வாமைக்கு, 1906இல் வியன்னாவைச் சேர்ந்த கிளெமென்ஸ் ஃபொன் பிர்கே 'அலர்ஜி' என்று பெயரிட்டார். வீட்டுத்தூசியில் எப்பொருள் அந்த எதிர்ப்பைத் தூண்டுகின்றது என்பதோ 1964இல்தான் நெதர்லாந்தின் லெய்டன் நகரில் வோர்ஹோர்ஸ்ட், ஸ்பீக்ஸ்மா ஆகியோரின் ஆய்வால் தெளிவாயிற்று. சுமார் மூன்றிலொரு மில்லிமீற்றர் நீளமேயுள்ள தூசிச் சிற்றுண்ணி, மனிதத் தோலிலிருந்து உதிரும் செதில்களைத் தின்று படுக்கையில் வாழ்கின்றது. அதன் எச்சமே மூக்கை உறுத்துவது. நீர் அருந்தும் வழியற்ற அவ்வுயிர் காற்றின் ஈரப்பதத்தையே உறிஞ்சிப் பிழைப்பதால், உலர்ந்த இடத்தில் தழைப்பதில்லை. ஈரக் கம்பளி, மூடிய அறை, நெருங்கிய உடல்கள் ஆகிய மூன்றையும் லயம் ஒருசேர வழங்கியது. படுத்த நிலையில் மூக்கின் உட்சவ்விலுள்ள சிரைகளில் இரத்தம் கூடுதலாகத் தேங்கி அது மேலும் வீங்குவதால், பகலில் பொறுக்கக்கூடியதாக இருந்த அடைப்பு இரவில் முற்றுகின்றது. எனினும் மறைந்துபோன தலைமுறையினருக்கு இன்று ஒவ்வாமைச் சோதனை செய்ய இயலாது. விறகுப் புகை, பூஞ்சணம், சாதாரணத் தடிமன் ஆகியவற்றின் பங்கைப் பிரித்தறிவதும் அரிது.

நோய் ஏடுகளில் இடம்பெறாத இவ்வுபாதைக்குரிய மருத்துவம் அடுக்களையிலேயே நடைபெற்றது. சித்த மருத்துவம் பீனிசம் என்றும் சிங்கள வைத்தியம் பீனச என்றும் குறிக்கும் மூக்குநோய்க்கு, மாத்தளையின் இரு சமூகத்தாரும் ஏறத்தாழ ஒரே பொருள்களையே நாடினர். கொத்தமல்லியும் இஞ்சியும் அவித்த நீர் இருவருக்கும் பொதுவானது; அவற்றுடன் கண்டங்கத்தரி, பற்படாகம், மரமஞ்சள் ஆகியவை சேர்ந்தால் அது சிங்கள வைத்தியத்தின் பஸ்பங்குவ என்னும் ஐம்பொருட் குடிநீராகும். நொச்சியிலையைக் கொதிக்கவைத்துப் போர்வைக்குள் வேது பிடித்தல், விரலிமஞ்சளைச் சுட்டு அதன் புகையை மெல்ல உறிஞ்சுதல், மூக்கில் தைலத்துளி விடும் நசியம் ஆகியவையும் வழக்கிலிருந்தன. மிளகும் ஏலமும் விளையும் மாவட்டத்தில் காரமான மருந்துக்குப் பஞ்சமிருக்கவில்லை. ஆனால் கூலிக்காரரின் வீட்டில் ஏலம் மருந்தாகப் பயன்பட்டதைவிட விற்பனைப் பொருளாகக் கடந்துசென்றதே மிகுதியாக இருக்க வேண்டும். பின்னாளில் கடைச்சரக்கான கோடாலித் தைலமும் சித்தாலேபவும் இவ்வரிசையில் சேர்ந்தன. இத்தகைய தைலங்களில் உள்ள மென்தோல் மூக்கின் குளிருணர் நரம்புகளைத் தூண்டி, காற்று தாராளமாகச் செல்வதான உணர்வைத் தருகின்றதேயன்றி, வீக்கத்தை உண்மையில் குறைப்பதில்லை என்று ஆய்வுகள் காட்டியுள்ளன. உறக்கம் வந்தால் போதும் என்றிருந்தவருக்கு அந்த வேறுபாடு பெரிதாகத் தோன்றியிராது. வேதும் அப்படித்தான்; சளியை இளக்கி அரைமணி நேரம் ஆறுதல் தரும், கொதிநீர்ப் பானை கவிழ்ந்தால் குழந்தையைச் சுட்டும்விடும்.

அடுக்களை மருந்தைவிடப் பயன்மிக்கதாக இருந்தது, மருந்தென்று எவரும் எண்ணாத ஒரு பழக்கம் எனலாம். கிராமத்துச் சிங்கள வீட்டிலும் லயத்திலும் மக்கள் படுத்த பன்பாய், தினந்தோறும் உதறிச் சுருட்டப்பட்டு, வெயில் கண்ட நாளில் முற்றத்தில் விரிக்கப்பட்டது. பஞ்சடைத்த மெத்தையைப் போல உள்ளே தூசி தங்குவதற்கு அதில் இடமில்லை. சாணம் மெழுகிய தரையும் புழுதியை அடக்கியது. 1970களின் காணிச்சீர்திருத்தத்தால் தோட்டங்கள் அரசுடைமையாகி, 1992க்குப் பின்னர் கம்பனிகளின் நிர்வாகத்துக்கு வந்த காலத்தில் லயங்கள் பல இடங்களில் அப்படியே நிற்க, கட்டிலும் மெத்தையும் திரைச்சீலையும் அவற்றுக்குள் புகுந்தன. லயங்களுக்குப் பதிலாக ஏழு பேர்ச் காணியில் எழும் தனிவீடுகளில் சன்னல்கள் உண்டு. விறகடுப்புக்கு வேறிடமும் உண்டு. ஆயினும் பாய் இருந்த இடத்தைப் பிடித்த மெத்தையை முற்றத்துக்குத் தூக்கிவருவது எளிதன்று. 55 பாகை செல்சியசுக்கு மேற்பட்ட நீரில் விரிப்பையும் தலையணை உறையையும் வாரந்தோறும் துவைக்க வேண்டும் என்று இன்றைய வைத்தியர் கூறும்போது, மழைக்கால றத்தொட்டையில் அந்த நீரைச் சுடவைக்கும் விறகும், துவைத்ததை உலர்த்தும் வெயிலும் எங்கிருந்து வரும் என்ற கேள்வி கம்பளிக் காலத்தைப் போலவே எஞ்சியுள்ளது.