சுடக் கற்பிப்போரின் தகுதி

படைக்கலத்தைக் கையாளத் தெரிந்தோர் எல்லாரும் அதனைப் பிறர்க்குக் கற்பிக்கத் தகுதியுடையவர் ஆவரோ? எழுத்தறிந்தோர் அனைவரும் ஆசிரியர் ஆகிவிடுவதில்லை என்பதை நாம் அறிவோம். ஆசிரியர் பயிற்சிக் கல்லூரிகள் அதன் பொருட்டே தோன்றின. துப்பாக்கிப் பயிற்சிக்கும் இவ்வுண்மை பொருந்தும். பள்ளியில் தவறாகக் கற்பித்த கணக்கை மறுநாள் திருத்திவிடலாம். துப்பாக்கிப் பாடத்தில் நேரும் பிழையோ உயிரையே கொள்ளும். எனவே, அதனைக் கற்பிப்போர்க்குத் தகுதி வகுக்கப்பட்ட வரலாறு ஆசிரியராகிய நாமும் அறியத்தக்கதாகும்.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் பிரிட்டிஷ் வீரர்கள் கையாண்ட ‘பிரௌன் பெஸ்’ துப்பாக்கியின் குழல் உட்புறம் வழவழப்பானது. ஏறத்தாழ 100 கெஜத்திற்கு அப்பால் அதன் குண்டு குறி தவறுவது இயல்பு. ஆகவே, வரிசையாக நின்று, கட்டளை பிறந்ததும் ஒருசேரச் சுடுவதே போர்முறையாக இருந்தது. விரைவாக மருந்திட்டு நிரப்பக் கற்றுக்கொண்டால் வீரனின் கல்வி முடிந்தது. அதனைக் கற்பிக்க உரத்த குரலுடைய சார்ஜன்ட் ஒருவரே போதும்.

1853ஆம் ஆண்டின் என்ஃபீல்டு துப்பாக்கி இந்நிலையை மாற்றிற்று. அதன் குழலின் உட்புறத்தில் திருகுபுரி வெட்டப்பட்டிருந்தது. குறிபார்க்கும் சட்டத்தில் 900 கெஜம்வரை தொலைவு குறிக்கப்பட்டிருந்தது. ஆயினும், தொலைவு மிக மிகக் குண்டு வளைந்தே செல்லும். இலக்கு எத்தனை கெஜத்தில் உள்ளது என்று மதிப்பிட அறியாதவன் கையில் அப்புதிய கருவியாலும் பயனில்லை. கருவி சிறந்தபோது, கற்பிப்பவரும் சிறக்க வேண்டியதாயிற்று.

அவ்வாண்டிலேயே, படைத்தலைமைத் தளபதி ஹார்டிஞ் பிரபுவின் காலத்தில், இங்கிலாந்தின் கென்ட் மாநிலக் கடற்கரை ஊராகிய ஹைத்தில் துப்பாக்கிப் பயிற்சிப் பள்ளி நிறுவப்பட்டது. அதனை முதலில் நடத்தியவர் கர்னல் ஹே. படைப்பிரிவுகளிலிருந்து அதிகாரிகளும் சார்ஜன்ட்டுகளும் அங்கு வந்து பயின்று, சான்றிதழ் பெற்றுத் தத்தம் பிரிவுக்குத் திரும்பிப் பயிற்றுநர் ஆயினர். நம் வழக்கில் கூறுவதாயின், அது துப்பாக்கி ஆசிரியர்க்கான பயிற்சிக் கல்லூரியே.

அதன் பாடமுறை எளிதிலிருந்து அரிதுக்குச் செல்வது. முதலில் கருவியைத் துடைத்துப் பேணுதல். அடுத்து, குண்டு செல்லும் வழியைப் பற்றிய விளக்கம். பின்னர் குறிபார்த்தல், உடல்நிலை, தொலைவு மதிப்பிடுதல். வெற்று மருந்தால் சுட்டுப் பழகிய பின்னரே உண்மைக் குண்டு கைக்கு வரும். ஒவ்வொரு மாணவனின் சுடுதிறனும் பதிவேட்டில் எழுதப்படும். பயிற்றுநரின் தகுதி என்பது தாம் நன்றாகச் சுடுவது மட்டுமன்று. பிறரை நன்றாகச் சுடச் செய்வதே என்னும் கொள்கை அங்கு வேரூன்றிற்று.

இக்கொள்கைக்குக் கடுஞ்சோதனை இந்தியாவில் வந்தது. 1857ஆம் ஆண்டின் தொடக்கத்தில் டம்டம், அம்பாலா, சியால்கோட் ஆகிய மூன்று இடங்களில் என்ஃபீல்டு பயிற்சிக்கூடங்கள் இயங்கின. பல பிரிவுகளிலிருந்தும் தெரிந்தெடுக்கப்பட்ட சிப்பாய்கள் அங்கு பயின்று, திரும்பிச் சென்று பிறர்க்குக் கற்பிக்க வேண்டும் என்பது ஏற்பாடு. புதிய தாள் தோட்டாவின் ஒரு முனையைப் பல்லால் கடித்து மருந்தைக் குழலில் கொட்டி, கொழுப்புப் பூசிய மறுமுனையைக் குண்டோடு உட்செலுத்த வேண்டும். அக்கொழுப்பு பசுவினதோ பன்றியினதோ என்னும் ஐயம் சனவரியில் டம்டத்தில் எழுந்து எங்கும் பரவிற்று. இந்துவுக்கும் முஸ்லிமுக்கும் அது சமயத்தையே இழப்பதாகும். எவ்வகைக் கொழுப்பைச் சேர்ப்பது என்பதில் முன்னெச்சரிக்கை எதுவும் எடுக்கப்படவில்லை. எனவே, மாணவன் கேட்ட முதல் வினாவுக்கே பயிற்றுநரிடம் உறுதியான விடை இல்லை!

அம்பாலாவில் பொறுப்பேற்றிருந்த கேப்டன் மார்ட்டினோ தம் மாணவர் கூறியதைச் செவிமடுத்தார். பயிற்சிக்கு வந்ததனாலேயே சிலர் தம் சொந்தப் பிரிவினரால் சமயம் மாறியவர் எனப் பழிக்கப்பட்டு, அழுத கண்ணோடு அவரிடம் வந்தனர். அவர் விசாரித்து மேலிடத்திற்கு எழுதினார். மார்ச்சில் தளபதி ஆன்சன் அங்கு வந்து பேசியபோது, அப்பேச்சைச் சிப்பாய்களுக்கு மொழிபெயர்த்தவரும் அவரே. ஆன்சன் சுடும் பயிற்சியைத் தள்ளிவைக்க எண்ணினார். அரசோ தொடருமாறு பணித்தது. ஏப்ரலில் பயிற்சி நடந்தது. அம்பாலாப் படைக்குடியிருப்பில் இரவுகளில் தீவைப்புகளும் நிகழ்ந்தன.

மீரட்டில் நிகழ்ந்தது இதற்கு மாறானது. தோட்டாவைக் கடியாமல் கையால் கிழிக்கும் புதுமுறை அப்போது வகுக்கப்பட்டிருந்தது. அதனைக் காட்டித் தருவதற்கென்றே 3ஆம் குதிரைப்படையின் தலைவர் கர்னல் ஸ்மித் ஏப்ரல் 24ஆம் நாள் 90 வீரர்களை அணிவகுக்கச் செய்தார். தந்தவை பழைய தோட்டாக்களே. காட்ட எண்ணியதும் அச்சம் தீர்க்கும் முறையே. எனினும் 85 பேர் தொட மறுத்தனர். அவர்களுள் பெரும்பாலோர்க்குப் பத்தாண்டுக் கடுங்காவல் விதிக்கப்பட்டது. மே 9ஆம் நாள் அனைவர் முன்னிலையிலும் காலில் விலங்கு பூட்டப்பட்டது. மறுநாள் மீரட் கொதித்தெழுந்தது. பெருங்கிளர்ச்சிக்கு நாடு பறித்தல், வரிச்சுமை முதலிய காரணங்கள் பல உண்டு. ஆயினும் பொறி பற்றியது ஒரு பயிற்சி வகுப்பில்தான்.

இவ்விரு நிகழ்ச்சிகளையும் ஒப்பிட்டால், ஹைத் வகுத்த தகுதிகளுடன் இன்னும் இரண்டு சேர வேண்டும் என்பது புலனாகும். ஒன்று, மாணவனின் மனத்தை அறிதல். ஸ்மித் சரியான முறையைக் கையில் வைத்திருந்தும், கட்டளையால் நம்பிக்கையைப் பெற முயன்று தோற்றார். மற்றொன்று, பாடத்தை நிறுத்தும் உரிமை. மார்ட்டினோவுக்கு அறியும் தகுதி இருந்தது. நிறுத்தும் அதிகாரம் இல்லை. தீங்கு நேரும் எனக் கண்டவுடன் ‘சுடுவதை நிறுத்து’ என ஆணையிடுவது இன்று சுடுதளப் பயிற்றுநரின் முதற்கடமையாகக் கருதப்படுகிறது. அந்த ஆணை மேலிடத்தின் செவியிலும் ஏறினாலன்றி அக்கடமை நிறைவேறாது.

ஹைத் பள்ளி 1969ஆம் ஆண்டில் வார்மின்ஸ்டருக்கு இடம் மாறிற்று. அதன் மரபில் வந்த பயிற்றுநர் படைப்பிரிவு இன்றும் பணியாற்றுகிறது. கருவிகள் எத்தனையோ மாறிவிட்டன. ஆயினும், கற்பிப்பவரை வகுப்பிற்கு அனுப்பும் முன்னர் அவர்க்குத் திறமையும் முறையும் உண்டா என்று ஆராய்வது போலவே, அவர் வகுப்பிலிருந்து அனுப்பும் எச்சரிக்கையைக் கேட்க ஒருவர் இருக்கிறாரா என்றும் ஆராய வேண்டும். தகுதிச் சான்றிதழ் பயிற்றுநர்க்கு மட்டும் உரியதன்று. அவரை நியமிப்போரும் அதற்கு உரியவராதல் வேண்டும்.