பேங்க் லோன் கிடைச்சிடுச்சு, ஈசி கிளீனா இருக்கு… அப்புறம் எதுக்கு தனியா வக்கீல்? மனை வாங்குறவங்க தெரிஞ்சிக்க வேண்டியவை

வேலூர் – ஆம்பூர் பாதையில் விரிஞ்சிபுரம் சுற்றுவட்டாரத்தில் மனை பார்ப்பவர்களிடம் புரோக்கர்கள் வழக்கமாகச் சொல்வது இதுதான்: "சார், பேங்க்லயே லீகல் பார்த்து லோன் கொடுத்துட்டாங்க. நீங்க வேற எதுக்கு வக்கீலுக்குக் காசு கொடுக்குறீங்க?" கேட்க நியாயமாகத்தான் தெரியும். ஆனால் பேங்க் வக்கீல் பார்த்தது பேங்க்குக்காக. கொடுத்த கடன் திரும்ப வருமா என்பதுதான் அவர் கவலை. உங்க கைக்காசு எங்க போகும்னு பார்ப்பது அவர் வேலை இல்லை.

பதிவு ஆயிட்டா சொத்து நம்மளுதா?

இங்கிலாந்தில் வீடு வாங்கினால் ஆவணங்களைச் சரிபார்ப்பது முதல் பணம் கைமாறுவது வரை ஒரே சொலிசிட்டர் பார்த்துக்கொள்வார். நம்ம ஊரில் அந்த வேலை பலரிடம் பிரிந்து கிடக்கிறது. பத்திரத்தை எழுதுவது ஆவண எழுத்தர். பதிவு செய்வது சார்பதிவாளர். விற்பவருக்கு உண்மையிலேயே உரிமை இருக்கிறதா என்று இவர்களில் யாரும் உங்களுக்கு உத்தரவாதம் தருவதில்லை.

இதை உச்ச நீதிமன்றமே சொல்லியிருக்கிறது. தமிழ்நாட்டில் இருந்து போன ஒரு வழக்கில் 2025 ஏப்ரல் 7-ம் தேதி வந்த தீர்ப்பு, எழுதிக்கொடுப்பவருக்கு உரிமை உண்டா என்று ஆராய்வது பதிவு அதிகாரியின் வேலை இல்லை என்றது. மூலப்பத்திரம் காட்டாவிட்டால் பதிவை மறுக்கலாம் என்ற தமிழ்நாடு விதி 55-ஏ(1) அதனால் ரத்தானது. அசல் ஆவணத்தைக் கட்டாயமாக்க அதே மாதம் சட்டப்பேரவையில் ஒரு மசோதா நிறைவேறியது. எப்படி இருந்தாலும், சீல் குத்திய பத்திரம் கையில் இருப்பதும் சொத்து உங்களுடையதாக இருப்பதும் வேறு வேறு விஷயம்.

ஈசியில் வராத ஆபத்து

வில்லங்கச் சான்றிதழ், அதாவது ஈசி, பதிவான ஆவணங்களை மட்டும்தான் காட்டும். பதிவாகாத உயில், வாய்வழிப் பாகப்பிரிவினை, கோர்ட்டில் நடக்கும் வழக்கு எதுவும் பெரும்பாலும் அதில் இருக்காது. வழக்கு நடக்கும்போது சொத்தை வாங்கினால், சொத்துரிமை மாற்றுச் சட்டத்தின் 52-வது பிரிவுப்படி அந்தத் தீர்ப்பு வாங்கியவரையும் கட்டுப்படுத்தும். "எனக்குத் தெரியாதே" என்று சொல்லித் தப்ப முடியாது.

அதிகம் பேர் மாட்டுவது வாரிசு விஷயத்தில்தான். அப்பா பெயரில் இருந்த நிலத்தை அண்ணன் தம்பி மட்டும் கையெழுத்துப் போட்டு விற்பார்கள். கல்யாணமாகிப் போன அக்கா தங்கையிடம் யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். இந்துக் குடும்பங்களில் பூர்வீகச் சொத்தில் மகளுக்குப் பிறப்பிலேயே சம உரிமை என்பதை 2005-ம் ஆண்டு சட்டத்திருத்தம் தந்தது. 2020-ல் உச்ச நீதிமன்றம் அதை மேலும் உறுதிப்படுத்தியது. ஆம்பூர், வாணியம்பாடி பக்கம் தோல் தொழில் சார்ந்த முஸ்லிம் குடும்பங்கள் அதிகம். அங்கேயும் மகளுக்குப் பங்கு உண்டு. மகனுக்குக் கிடைப்பதில் பாதி. மனைவிக்கும் தனிப் பங்கு உண்டு. வாரிசுகளில் மைனர் இருந்தால் இன்னும் கவனம் தேவை. இந்து மைனரின் சொத்தை, தாயோ தந்தையோ ஆனாலும், கோர்ட் அனுமதி இல்லாமல் விற்க முடியாது.

பத்து வருஷம் கழித்து ஒரு சகோதரி பாகம் கேட்டு வழக்குப் போட்டால், கோர்ட் வாசலில் நிற்கப்போவது வாங்கியவர்தான். விற்றவர் பணத்தோடு போயிருப்பார்.

இந்தப் பகுதிக்கென்று சில கேள்விகள்

விரிஞ்சிபுரம் மார்க்கபந்தீஸ்வரர் கோயிலைச் சுற்றி எழுந்த பழைய ஊர். இப்படிப்பட்ட ஊர்களில் சர்வே எண் கோயில் பெயரிலோ வக்ஃபு பெயரிலோ இருக்கிறதா என்று பழைய அ-பதிவேடு வரை பார்ப்பது நல்லது. அறநிலையத் துறைச் சட்டத்தின் 34-வது பிரிவுப்படி, ஆணையர் அனுமதி இல்லாமல் கோயில் நிலத்தை விற்றால் அது செல்லாது.

வக்கீல் சொல்ல முடியாத ஒன்றும் இங்கே உண்டு. தோல் கழிவால் இந்த வட்டாரத்தில் சுமார் 35,000 ஹெக்டேர் விளைநிலம் பாதியாகவோ முழுதாகவோ பாழானது என்ற மதிப்பீடு, 1996-ல் உச்ச நீதிமன்றம் தந்த வேலூர் தீர்ப்பிலேயே பதிவாகியிருக்கிறது. பட்டா சுத்தமாக இருக்கலாம், போர் தண்ணீர் உப்பாக இருக்கலாம். அட்வான்ஸ் கொடுக்கும் முன் தண்ணீரைப் பரிசோதித்துவிடுங்க.

எந்த வக்கீலிடம் போவது?

முதலில், விற்பவரோ புரோக்கரோ கூட்டிப்போகும் வக்கீல் வேண்டாம். அவர் நல்லவராகவே இருக்கலாம், ஆனால் அவருக்கு அடுத்த வேலையைத் தருவது நீங்க இல்லையே. வேலூர் கோர்ட்டில் சிவில் வழக்கு, குறிப்பாகப் பாகப்பிரிவினை வழக்கு நடத்தும் ஒருவரைத் தேடுங்க. பத்திரம் எங்கே உடையும் என்பது அவருக்குத்தான் தெரியும்.

ஃபீஸ் எவ்வளவு, அதில் எதெல்லாம் அடங்கும் என்று முன்னாடியே பேசிக்கொள்ளலாம். "எத்தனை வருஷத்து ஈசி பார்ப்பீங்க?" என்ற கேள்வி முக்கியம். "13 வருஷம் போதும்" என்று ஒருவர் சொன்னால் யோசிக்கணும். பல சார்பதிவாளர் அலுவலகங்களில் 1975 முதலான ஈசி ஆன்லைனிலேயே கிடைக்கிறது. அதற்கு முந்தையதை அலுவலகத்தில் மனு போட்டு எடுக்கலாம்.

கருத்தை வாயால் சொன்னால் போதாது, கையெழுத்தோடு எழுத்தில் வாங்கணும். அதில் கடைசிப் பக்கத்தைக் கட்டாயம் படிங்க. "வாரிசுச் சான்றிதழ் பார்க்கப்படவில்லை", "அசல் ஆவணங்களைச் சரிபார்த்த பின்" என்பது போன்ற வரிகள் அங்கேதான் இருக்கும். அந்த நிபந்தனை தீராமல் கிரயத்துக்குப் போனால் அந்த ஒப்பீனியனால் பயனில்லை. யார் யார் கையெழுத்துப் போட வேண்டும் என்ற பட்டியலையும் அவரிடமே கேட்டு வாங்குங்க. நீங்களும் எதையும் மறைக்கக் கூடாது. விற்பவர் வீட்டில் ஏதோ தகராறு என்று டீக்கடையில் காதில் விழுந்திருந்தால் அதையும் சொல்லணும்.

இவ்வளவு கவனம் ஏன்? வக்கீல் தப்பு செய்தால் நுகர்வோர் கோர்ட்டுக்குப் போக முடியாது. வக்கீல் சேவை நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் வராது என்று 2024 மே 14-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்துவிட்டது. தவறான லீகல் ஒப்பீனியன் கொடுத்ததற்காக மட்டுமே, சதிக்கு ஆதாரம் இல்லாமல், குற்ற வழக்கும் நிற்காது என்பது 2012 தீர்ப்பு. மிச்சம் இருப்பது பார் கவுன்சில் புகாரும் சிவில் வழக்கும்தான்.

எப்போது போகணும்?

அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன்பே. டோக்கன் கொடுத்த பிறகு வில்லங்கம் தெரிந்தால், அந்தப் பணத்தைத் திரும்ப வாங்குவதே தனிப் போராட்டம். கிரய ஒப்பந்தம் போட்டால், "உரிமையில் குறை இருந்தால் முன்பணத்தைத் திருப்பித் தர வேண்டும்" என்ற ஷரத்தை வக்கீலை விட்டே எழுதச் சொல்லுங்க. தமிழ்நாட்டில் கிரய ஒப்பந்தத்தையும் பதிவு செய்யணும்.

கிரயம் முடிந்ததும் வேலை முடியவில்லை. மூலப்பத்திரம் உட்பட எல்லா அசலையும் அன்றைக்கே எண்ணி வாங்கிக்கணும்; லோன் என்றால் பேங்க்கில் ஒப்படைத்ததற்கான ரசீதை வாங்கிக்கணும். முழு சர்வே எண்ணையும் வாங்கியிருந்தால் பட்டா மாறுவது சுலபம். அதில் ஒரு பகுதி மட்டும் என்றால் உட்பிரிவு செய்ய சர்வேயர் வந்து அளக்க வேண்டும்.