நகரா விசையும் லீனியர் சுவிட்சும்: தமிழ் விசைப்பலகையின் இயந்திர வரலாறு

லீனியர் சுவிட்ச் என்பது இயந்திர விசைப்பலகையில் ஒவ்வொரு விசைக்கும் அடியில் பொருத்தப்படும் சுவிட்ச் வகைகளுள் ஒன்று. அழுத்தத் தொடங்கும் இடத்திலிருந்து அடிமட்டம் வரை தடங்கலோ 'டிக்' என்ற ஒலியோ இல்லாமல் சீராக இறங்குவதே இதன் இயல்பு. தமக்கேற்ற சுவிட்சுகளைத் தேர்ந்தெடுத்து விசைப்பலகையைத் தாமே அமைத்துக்கொள்ளும் வழக்கம் இன்று பரவியுள்ளது. ஆனால் சுவிட்சுகளை ஒப்பிடுவோர் பெரும்பாலும் ஆங்கிலத் தட்டச்சையும் கணினி விளையாட்டையும் மனத்தில் கொண்டே ஒப்பிடுகின்றனர். தமிழில் தட்டச்சு செய்பவருக்கு அளவுகோல் சற்று மாறுபடும். தமிழ் எழுத்தின் அமைப்பும் தமிழ்த் தட்டச்சின் வரலாறும் இதற்குக் காரணங்களாகும்.

தட்டச்சுப்பொறியும் நகரா விசையும்

தமிழ்த் தட்டச்சுப்பொறியின் தந்தை எனப் போற்றப்படுபவர் ஆர். முத்தையா. யாழ்ப்பாணத்தின் சுண்டிக்குளியில் 1886-இல் பிறந்தவர். மலாயா சென்று, பின்னர் சிங்கப்பூரில் பணியாற்றினார். 247 தமிழ் எழுத்துகளை, ஆங்கிலத்துக்கென அமைந்த பொறியின் ஐம்பதுக்கும் குறைவான விசைகளில் அடக்குவதே அவர் முன் இருந்த சிக்கல். எழுத்துகளைப் பகுதிகளாகப் பிரித்து, பொதுவான குறிகளைத் தனி விசைகளில் வைத்து அவர் இதைத் தீர்த்தார். அவருடைய பொறிகள் ஜெர்மனியின் டிரெஸ்டன் நகரிலிருந்த சைடல் அண்ட் நௌமான் நிறுவனத்தில் தயாராயின.

இவ்வமைப்பின் உயிர்நாடி நகரா விசை. சாதாரண விசையைத் தட்டினால் எழுத்து பதிந்ததும் தாள் தாங்கி ஓரிடம் நகரும். நகரா விசையில் குறி மட்டும் பதியும், தாங்கி அசையாது. 'ம்' என்று அடிக்க முதலில் புள்ளி, பிறகு 'ம' என்று தட்ட வேண்டும். எழுதும்போது பின்னால் வரும் புள்ளி, பொறியில் முன்னால் வந்தது. பயிலகங்களில் தட்டச்சு கற்ற தலைமுறையின் விரல்களில் இவ்வரிசை ஊறிப்போயிருந்தது.

தட்டச்சுப்பொறியின் விசை கனமானது, ஆழமாக இறங்குவது. எழுத்துக்கம்பி தாளில் மோதும் ஒலியும் அதிர்வும் 'எழுத்து விழுந்தது' என்று விரலுக்கு அறிவித்தன. கார்பன் தாள் வைத்துப் படிகள் எடுக்கும்போது இன்னும் ஓங்கித் தட்ட வேண்டியிருந்தது.

கணினி விசைகள்

1981-இல் வெளிவந்த ஐ.பி.எம். தனியாள் கணினியின் விசைப்பலகை, அந்த அறிவிப்பை வேறு வழியில் காத்தது. விசையின் கீழிருந்த சுருள்வில் ஒரு கட்டத்தில் சட்டென வளைந்து ஒலி எழுப்பும். அதே கணத்தில் எழுத்தும் பதிவாகும்.

1980-களில் வந்த செர்ரி எம்.எக்ஸ். வரிசை இன்றைய இயந்திர சுவிட்சுகள் பெரும்பாலானவற்றுக்கு முன்மாதிரி. அதன் கறுப்பு, சிவப்பு வகைகள் லீனியர். நீலம் ஒலி எழுப்புவது. பழுப்பு நடுவில் சிறு மேடு உள்ளது. கறுப்பு வகையில் எழுத்து பதிவாக ஏறத்தாழ 60 சென்டிநியூட்டன் அழுத்தம் வேண்டும். சிவப்புக்கு 45 போதும். இரண்டிலும் விசை 2 மில்லிமீட்டர் இறங்கியதும் எழுத்து பதிவாகும். முழு ஆழம் 4 மில்லிமீட்டர். செர்ரியின் காப்புரிமைக் காலம் முடிந்தபின் கேட்ரான், கைல் முதலிய சீன நிறுவனங்கள் இதே வடிவில் பலவகை சுவிட்சுகளைக் கொண்டுவந்தன.

தமிழ்99-உம் இரட்டைத் தட்டும்

1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழ்நெட்99 மாநாட்டைத் தொடர்ந்து தமிழ்நாடு அரசு ஏற்ற விசைப்பலகை தமிழ்99. இதில் உயிர் எழுத்துகள் இடக்கைப் பக்கமும் மெய்கள் வலக்கைப் பக்கமும் உள்ளன. ஒரே மெய்யை இருமுறை தட்டினால் முதல் எழுத்துக்குப் புள்ளி தானாகவே விழும். 'அம்மா' என்ற சொல்லுக்குத் தட்டச்சுப்பொறியில் அ, புள்ளி, ம, ம, கால் என ஐந்து தட்டுகள். தமிழ்99-இல் அ, ம, ம, ஆ என நான்கே.

ஆகவே தமிழ்99-இல் ஒரே விசையை அடுத்தடுத்துத் தட்டும் தேவை அடிக்கடி எழுகிறது. 'பள்ளிக்கூடம்' என்ற ஒரு சொல்லிலேயே 'ள', 'க' இரண்டும் இவ்வாறு வருகின்றன. நீல வகை சுவிட்சில், எழுத்து பதிவான புள்ளிக்கும் மேலே விசை எழுந்த பிறகுதான் அடுத்த தட்டு ஏற்கப்படும். லீனியர் சுவிட்சில் பதிவாகும் இடமும் மீளும் இடமும் கிட்டத்தட்ட ஒன்றே. எனவே இரட்டைத் தட்டு இதில் எளிது. விளையாட்டுக்காரர்கள் விரும்பும் இப்பண்பு தமிழின் இரட்டிப்புக்கும் பொருந்தி வருகிறது.

மதிப்பிடும் முறை

முதலில் அழுத்தம். தட்டச்சுப்பொறியில் பழகியவர் ஓங்கித் தட்டுவார். விரலை விசைமேல் கனமாக வைப்பார். மிக மென்மையான லீனியர் சுவிட்சில் அவருக்கு வேண்டாத எழுத்துகள் விழும். 60 அளவிலானது நன்று. புதிதாகக் கற்பவருக்கு 45 முதல் 50 வரை போதும். பழைய தட்டச்சு முறையில் ஷிப்ட் விசையை அடிக்கடி அழுத்த வேண்டும் என்பதால், கனமான சுவிட்ச் சுண்டுவிரலைக் களைப்பாக்கும். தமிழ்99-இல் ஷிப்ட் பெரும்பாலும் கிரந்த எழுத்துகளுக்கே தேவைப்படும்.

அடுத்தது வழுவழுப்பு. விசையை நடுவில் அல்லாமல் ஓரத்தில் வைத்து மெதுவாக அழுத்தினால், தண்டு உறையில் உரசும் சொரசொரப்பு விரலுக்குத் தெரியும். மேடோ ஒலியோ இல்லாத லீனியரில் இக்குறையை மறைக்க எதுவுமில்லை. மசகு பூசி ஓரளவு சரிசெய்யலாம்.

மூன்றாவது, தண்டின் ஆட்டமும் சுருள்வில்லின் ரீங்காரமும். ஒரே ஒரு மாதிரியைத் தட்டிப் பார்த்து முடிவு செய்யாமல், பத்துப் பன்னிரண்டை ஒப்பிட்டால் தயாரிப்பின் சீர்மை விளங்கும்.

இறுதியாக, சொற்களைத் தட்டிப் பார்க்க வேண்டும். அக்கா, பத்து, கல்லூரி, பள்ளிக்கூடம் போன்ற சொற்களை வேகமாக அடித்து, ஒற்று விடுபடுகிறதா என்று கவனிப்பதே தமிழுக்குரிய சோதனை. 'பத்து' என்பது 'பது' என்று விழுந்தால், விரலுக்கு அந்தச் சுவிட்ச் ஒத்துவரவில்லை என்று பொருள். முத்தையா பொறியைத் தமிழ் எழுத்துக்கு ஏற்ப மாற்றினார். இன்று சுவிட்சைத் தேர்ந்தெடுப்பவரும் சிறிய அளவில் அதே வேலையைத்தான் செய்கிறார்.