உலகளாவிய சுகாதாரம், முதுநிலைப் படிப்பு

நாட்டெல்லை கடந்து பரவும் நோய்கள், அவற்றின் சமூக, பொருளாதாரக் காரணங்கள், நாடுகளுக்கு இடையிலான நலவாழ்வு ஏற்றத்தாழ்வுகள் ஆகியவற்றை ஆராயும் பல்துறைப் பட்டமேற்படிப்பு. மருத்துவர், செவிலியர் மட்டுமன்றிப் பொருளியல், சமூகவியல், புள்ளியியல் பட்டதாரிகளும் இதில் சேர்கின்றனர்.

வகைகள்: எம்.எஸ்சி. பட்டம் பொதுவாக ஆய்வுக்கும், பொதுச் சுகாதார முதுநிலைப் பட்டமான எம்.பி.எச். களப்பணிக்கும் நிர்வாகத்துக்கும் முதன்மை தருகின்றன. முழுநேரப் படிப்பு பிரிட்டனில் பெரும்பாலும் ஓராண்டு, இந்தியாவில் எம்.பி.எச். இரண்டாண்டு.

பாடங்கள்: நோய்ப்பரவலியல், உயிரியப் புள்ளியியல், சுகாதாரப் பொருளியல், சுகாதாரக் கொள்கை, ஆய்வறம். நோய்ப்பரவலியலில், எடுத்துக்காட்டாக, விருந்தொன்றில் வயிற்றுப்போக்கு பரவினால், குறிப்பிட்ட பண்டத்தை உண்டவர், உண்ணாதவர், நோயுற்றவர், நோயுறாதவர் என நான்கு கட்ட அட்டவணையிட்டு, உண்டவரின் நோய் விகிதத்தை உண்ணாதவரின் விகிதத்தால் வகுத்து ஒப்பீட்டு ஆபத்தை அளவிடுவது அடிப்படைப் பயிற்சி. ஆய்வேட்டுடன் படிப்பு நிறைவுறுவது வழக்கம்.

வரலாறு: இதன் வேர் காலனியக் கால வெப்பமண்டல மருத்துவத்தில் உள்ளது. லிவர்பூலில் 1898இலும், லண்டனில் மருத்துவர் பேட்ரிக் மேன்சன் முயற்சியால் 1899இலும் அதற்கான கல்லூரிகள் அமைந்தன. ராக்பெல்லர் அறக்கட்டளையின் நிதியுடன் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பொதுச் சுகாதாரப் பள்ளி 1916இலும், கொல்கத்தாவின் அகில இந்திய சுகாதார நிறுவனம் 1932இலும் தோன்றின. பின்னர், 1978ஆம் ஆண்டின் பன்னாட்டு மாநாட்டில் வெளியான அல்மா-அட்டா பிரகடனம் ஆரம்ப சுகாதாரத்தையும் சமநீதியையும் முன்னிறுத்தியது.

முக்கியத்துவம்: தடுப்பூசித் திட்டம், நோய்க் கண்காணிப்பு, பேரிடர் நிவாரணம் ஆகியவற்றுக்கான வல்லுநர்களை இப்படிப்பு உருவாக்குகிறது.