திசையும் வீச்சும்: பங்கு விலையைக் கணிக்க முயன்ற சூத்திரங்களின் வரலாறு

காஞ்சிபுரம்–உத்திரமேரூர் சாலையில் உள்ள மாகறல் போன்ற ஊர்களிலிருந்தும் இன்று செல்பேசியிலேயே நிஃப்டி ஆப்ஷன் (குறித்த விலையில் வாங்கவோ விற்கவோ உரிமை தரும் ஒப்பந்தம்) வாங்கலாம். சார்ட்டின் கீழே மூவிங் ஆவரேஜ், ஆர்எஸ்ஐ போன்ற இன்டிகேட்டர்களாகக் கணிதம் ஓடிக்கொண்டே இருக்கும். அது நாளைய விலையைச் சொல்லுமா என்ற கேள்விக்கு நூறாண்டுக்கும் மேற்பட்ட ஆய்வு வரலாறு உண்டு. விலை எவ்வளவு தூரம் அலையக்கூடும் என்பதைக் கணிதம் ஓரளவு அளந்துவிட்டது. எந்தப் பக்கம் போகும் என்பது இன்னும் அதன் பிடிக்குள் வரவில்லை என்பதே இக்கட்டுரையின் வாதம்.

தொடக்கம் 1900இல், பாரிஸில். அங்குள்ள சந்தையின் அரசுக் கடன் பத்திரங்களை ஆராய்ந்த லூயி பஷெலியே, விலை ஏறவும் இறங்கவும் சம வாய்ப்பு உண்டு என்று கொண்டு தம் முனைவர் பட்ட ஆய்வை எழுதினார். விலையின் வீச்சு காலத்தின் வர்க்கமூலத்துக்கு ஏற்ப விரியும் என்பது அவர் கண்ட விதி. நாளொன்றுக்கு 1 சதவீதம் அலையும் பங்கு, 100 வணிக நாட்களில் சுமார் 10 சதவீத வீச்சில் அலையும். மேலா கீழா என்பதற்கு அந்த விதியில் விடை இல்லை.

1933இல் ஆல்ஃபிரட் கௌல்ஸ் சந்தை ஆலோசகர்களின் கணிப்புகளைச் சோதித்தார். அவர்களிடம் திறமை இருந்ததற்குச் சான்று கிடைக்கவில்லை. 1953இல் மாரிஸ் கெண்டல் பங்கு, கோதுமை, பருத்தி விலைகளை ஆராய்ந்து, முந்தைய மாற்றத்துக்கும் அடுத்ததற்கும் பெரும்பாலும் தொடர்பே இல்லை என்று கண்டார்.

ஏன் இப்படி? உத்திரமேரூரில் உள்ள பராந்தக சோழன் காலத்துக் குடவோலைக் கல்வெட்டை இங்கே நினைக்கலாம். ஊர்ச்சபை உறுப்பினர்களைத் தேர்ந்தெடுக்கப் பெயர் எழுதிக் குடத்தில் இட்ட ஓலைகளை விவரமறியாத சிறுவன் எடுத்ததால் யார் பெயர் வரும் என்று எவராலும் முன்கூட்டிச் சொல்ல முடியாது; ஆனால் ஓலைகளின் எண்ணிக்கை தெரிந்தால் வாய்ப்பைக் கணக்கிடலாம். சந்தையிலோ எடுக்க எடுக்க ஓலைகளே மாறுகின்றன. ஏறும் என்று கணித்தவர் வாங்கும்போதே விலை ஏறி, அவர் கண்ட ஆதாயம் கரைகிறது.

அரிதாக வரும் பெரும் சரிவு இன்னொரு சிக்கல். பருத்தி விலையில் மணி வடிவ வளைவு அனுமதிப்பதைவிடப் பெரிய தாவல்கள் இருப்பதை 1963இல் மாண்டல்பிராட் காட்டினார். அரிய நிகழ்வுகளின் வாய்ப்பை அளக்கும் கோட்பாட்டை வளர்த்ததற்காக 2007இல் ஆபெல் பரிசு பெற்றவர் சென்னையில் பிறந்து மாநிலக் கல்லூரியில் பயின்ற எஸ்.ஆர்.சீனிவாச வரதன். அந்தக் கணிதமும் ஆபத்தின் அளவைத்தான் பேசுகிறது, தேதி குறிப்பதில்லை. 1973இல் வந்த பிளாக்–ஷோல்ஸ் சூத்திரம் ஆப்ஷனுக்கு விலை வைக்க வழி சொன்னது. அந்த ஆய்வுக்காக ஷோல்ஸும், அதில் பங்களித்த மெர்ட்டனும் 1997இல் நோபல் பெற்றனர். அவர்கள் பங்காளிகளாக இருந்த எல்டிசிஎம் நிதியம் மறு ஆண்டே நொடித்தது.

எதிர்ச்சான்றும் உண்டு. சில மாதங்கள் நன்கு ஏறிய பங்குகள் அடுத்த சில மாதங்களிலும் பிறவற்றை முந்தியதை 1993இல் நரசிம்மன் ஜெகதீசும் ஷெரிடன் டிட்மனும் காட்டினர். அது வலுவான முடிவுதான். ஆனால் அது பங்குகளின் கூட்டத்துக்குப் பொருந்தும் சராசரி. தனியொரு பங்கின் நாளைய விலைக்கு அது உத்தரவாதம் ஆகாது.

இந்தியாவில் குறியீட்டு ஆப்ஷன்கள் 2001இல் வந்தன. 2021-22 முதல் மூன்று நிதியாண்டுகளில் எஃப் அண்ட் ஓ எனப்படும் ஃபியூச்சர்ஸ், ஆப்ஷன் வணிகத்தில் இறங்கிய தனிநபர்களில் 93 சதவீதத்தினர் நட்டப்பட்டனர், மொத்த நட்டம் 1.8 லட்சம் கோடி ரூபாயைத் தாண்டியது என்கிறது பங்குச்சந்தை ஒழுங்குமுறை அமைப்பான செபியின் 2024 ஆய்வு. பெருநிறுவனங்களின் லாபத்தில் பெரும்பகுதி, கணினி நிரல் தானாகச் செய்யும் அல்கோ வணிகத்தில் வந்ததையும் அது பதிவு செய்கிறது. இதனால் சூத்திரம் திசையைக் கண்டுவிட்டது என்று ஆகாது: சிறு விலை வேறுபாட்டை முந்திப் பிடிப்பதும், வாங்கும் விலைக்கும் விற்கும் விலைக்கும் இடையிலான இடைவெளியில் சம்பாதிப்பதும் அல்கோவின் முக்கிய வேலைகள். குறைந்த முதலோடு செல்பேசியில் வணிகம் செய்பவருக்கு அந்த வேகம் கிடைக்காது. இதை மறைத்து இன்டிகேட்டர் வகுப்பு நடத்துவது அநியாயம்.

2024 ஜூன் 3 அன்று மக்களவைத் தேர்தலின் வாக்குக் கணிப்புகளை நம்பி 3 சதவீதத்துக்கு மேல் ஏறிய நிஃப்டி, வாக்குகள் எண்ணப்பட்ட மறுநாள் ஏறக்குறைய 6 சதவீதம் சரிந்தது. பழைய விலைகளை மட்டுமே உண்டு வளரும் இன்டிகேட்டருக்கு வாக்கு இயந்திரத்துக்குள் இருந்தது எப்படித் தெரியும்? தேசியப் பங்குச்சந்தை மார்ஜின் எனும் பிணைத்தொகையை வசூலிக்கும் ஸ்பான் முறையோ திசையைக் கணிக்க முயலாமல், விலை ஏறினால், இறங்கினால், ஏற்ற இறக்கம் கூடினால், குறைந்தால் என்று 16 நிலைமைகளைக் கணக்கிட்டு, அவற்றுள் மிக மோசமான நட்டத்துக்கு ஏற்பப் பணம் கேட்கிறது.