தொலைந்த பொருள் யாருக்கு உரியது?

விலையுயர்ந்த பொருளைத் தொலைத்தவருக்கு இன்று கூறப்படும் அறிவுரை எளியது: உடனே காவல் நிலையத்தில் தெரிவிக்க வேண்டும், அடையாளங்களைச் சொல்ல வேண்டும், ரசீதைக் காட்ட வேண்டும். இந்த நடைமுறைக்கு இந்தியச் சட்ட மரபில் நீண்ட வரலாறு உண்டு. அதன் ஒவ்வொரு கட்டத்திலும் ஒரே கேள்வி எழுகிறது: கேட்டு வந்து நிற்பவர்தாம் உண்மையில் பொருளை இழந்தவர் என்பதை எதைக்கொண்டு அறிவது?

அர்த்தசாஸ்திரம் தொலைந்ததையும் களவுபோனதையும் இணைத்து ‘நஷ்டாபஹ்ருதம்’ என்கிறது. இதிலுள்ள ‘நஷ்டம்’ என்பதற்குக் ‘காணாமற்போனது’ என்பது பொருள். அச்சொல்லே இன்று தமிழில் வணிக இழப்பைக் குறிக்கும் ‘நட்டம்’ ஆக வழங்குகிறது. மீண்டும் கிடைத்த பொருள் சுங்கச் சாவடியில் வைக்கப்பட வேண்டும். மூன்று பக்ஷம், அதாவது ஏறத்தாழ 45 நாள், எவரும் கேட்டு வராவிடில் அரசன் அதை எடுத்துக்கொள்ளலாம். உரியவர் சான்று காட்டிப் பெறும்போது மீட்புக் கட்டணம் செலுத்த வேண்டும். மாட்டுக்கும் எருமைக்கும் 2 பணம்; குதிரை போன்ற ஒற்றைக் குளம்பு விலங்குக்கு 4 பணம்; மணி முதலிய பொருள்களுக்கு மதிப்பில் நூற்றுக்கு 5. இப்பட்டியலின் தலைப்பில் நிற்பது ‘இருகால் உயிர்’. அதற்குக் கட்டணம் 5 பணம். அடிமைப்பட்ட மனிதரும் தொலைந்த உடைமையாக எண்ணப்பட்ட காலம் அது.

அதே நூல் இன்னொரு வழியையும் கூறுகிறது. தொலைந்த பொருள் கிடைக்காதபோது, அவ்வகைப் பொருளில் வாணிகம் செய்வோருக்கு அதனை அறிவிக்க வேண்டும். அறிந்தும் மறைத்த வணிகர் குற்றத்துக்கு உடந்தையானவர் ஆவார். அறியாமல் வாங்கியவர் பொருளைத் திருப்பிக் கொடுத்தால் விடுபடுவார். நகை காணாமற்போனால் அடகுக் கடைகளுக்குத் தகவல் அனுப்பும் இன்றைய வழக்கத்தின் தருக்கமும் இதுவே.

மனுஸ்மிருதியில் கெடு மூன்று ஆண்டு. யாக்ஞவல்கிய ஸ்மிருதியில் ஓர் ஆண்டு. பொருளைக் கேட்டு வருபவரிடம் அதன் வடிவம், எண்ணிக்கை முதலியவற்றை வினவ வேண்டும் என்கிறது மனுஸ்மிருதி. தொலைந்த இடம், காலம், நிறம், உருவம், அளவு ஆகியவற்றைச் சொல்லத் தெரியாதவருக்குப் பொருளின் மதிப்புக்கு ஈடான தண்டம் உண்டு. உரிமை இங்கே ஏட்டில் இல்லை, உடையவரின் நினைவில் இருக்கிறது.

இஸ்லாமியச் சட்டத்தில் பொறுப்பு கண்டெடுத்தவர்மீது விழுகிறது. ஹனஃபி மரபின் ‘ஹிதாயா’ நூல், 10 திர்ஹமோ அதற்கு மேலோ மதிப்புள்ள பொருளை ஓராண்டு அறிவிக்கச் சொல்கிறது. உரியவர் வராவிடில் அதைத் தருமம் செய்யலாம். பின்னர் அவர் வந்தால் தருமத்தை ஏற்கவோ ஈடு கேட்கவோ அவருக்கு உரிமை உண்டு. இந்நூலை 1791இல் சார்லஸ் ஹாமில்டன் ஆங்கிலத்தில் வெளியிட்டார்.

காலனியச் சட்டங்கள் இப்பொறுப்பை மூன்றாகப் பகுத்தன. 1860ஆம் ஆண்டின் தண்டனைச் சட்டம், பிரிவு 403இல், கண்டெடுப்பவரின் மனநிலையை அளந்தது. சாலையில் கிடந்த ஒரு ரூபாயை, யாருடையது என்று அறியாமல் எடுப்பது குற்றமன்று. விலையுயர்ந்த மோதிரத்தை, உரியவரைத் தேட முயலாமல் உடனே விற்பது குற்றம். இன்று பாரதிய நியாய சன்ஹிதாவின் 314ஆம் பிரிவு இக்குற்றத்தைக் கூறுகிறது. 1861ஆம் ஆண்டின் காவல் சட்டம், உரிமை கோரப்படாத பொருள் குறித்து அறிவிப்பு வெளியிட்டு ஆறு மாதம் காத்திருக்கச் சொன்னது. 1872ஆம் ஆண்டின் ஒப்பந்தச் சட்டம், ஒப்படைக்கப்பட்ட பொருளைக் காப்பவருக்குள்ள அதே பொறுப்பைக் கண்டெடுத்தவருக்கும் விதித்தது. தேடிய செலவுக்காக அவர் வழக்குத் தொடர முடியாது. செலவு தீரும்வரை பொருளைத் தம்மிடம் வைத்துக்கொள்ளலாம். உரியவர் சன்மானம் அறிவித்திருந்தால் அதற்காக வழக்கும் தொடரலாம்.

2023இல் தொடங்கப்பட்ட ‘சஞ்சார் சாத்தி’ தளம், தொலைந்த கைபேசியை அதன் 15 இலக்க ஐ.எம்.இ.ஐ. எண்ணைக் கொண்டு முடக்க வழிசெய்கிறது. வடிவத்தையும் நிறத்தையும் கேட்ட பழைய விசாரணையின் இடத்தில் இப்போது ஓர் எண் நிற்கிறது. எண்ணும் ரசீதும் பொய்க் கோரிக்கையைத் தடுக்கின்றன, அதில் ஐயமில்லை. ஆனால் தாய்வழி வந்த கம்மலுக்கு ரசீது இராது. அதன் திருகில் உள்ள தேய்வு எப்பக்கம் என்பதை அணிந்தவள் அறிவாள். தாள் இல்லாதவரிடம் அந்த நினைவைக் கேட்டுப் பதிந்துகொள்ளும் பொறுமை விசாரிப்பவருக்கு வேண்டும். பொருளை உடையவரும் அது கையில் இருக்கும்போதே அதன் அடையாளங்களை எழுதிவைத்தல் நன்று.