குன்னூர் அட்டவணையும் மாட்டுங்கா சாப்பாடும்

போன மாதம் பேங்கில் வருடாந்திர மெடிக்கல் செக்கப். மூன்று மாத சராசரி சர்க்கரை 8.1 என்று வந்தது. ஊரில் அப்பாவுக்கு இதே வியாதியில்தான் கால் விரல் போனது. அதனால் வழக்கம்போல சிரித்துத் தள்ளிப்போட முடியவில்லை. டாக்டரம்மா, "என்ன சாப்பிடறீங்கன்னு கலோரியோட எழுதிட்டு வாங்க" என்றார்.

குடும்பம் மதுரையில் (பையனுக்கு ப்ளஸ் டூ), நான் மும்பையில். மதியம் மாட்டுங்காவில் திருநெல்வேலி அண்ணாச்சி ஒருவரின் மெஸ். நம்மில் பலருக்கும் இதே கதைதானே?

பெரிய கடைகளில் இந்தத் தொல்லை குறைவு. 2020-ல் வந்த உணவுப் பாதுகாப்பு விதிகளின்படி, மத்திய உரிமம் பெற்ற அல்லது பத்து இடங்களுக்குக் குறையாமல் கிளை வைத்திருக்கும் உணவகங்கள் மெனுவிலேயே கலோரியைப் போட வேண்டும். 2022-ல் இது நடைமுறைக்கு வந்தது. அண்ணாச்சிக்கு இருப்பது ஒரே கடை. அவர் போர்டில் இருப்பது "அன்லிமிடெட்" மட்டும்.

சரி, இந்த உணவு அட்டவணைகள் எங்கிருந்து வந்தன என்று தேடிப் போனால், கதை நம்ம குன்னூரில் போய் நிற்கிறது. 1918-ல் அங்கே பாஸ்டர் இன்ஸ்டிடியூட்டில் ராபர்ட் மெக்காரிசன் என்ற டாக்டர் பெரிபெரி நோயை ஆராய ஆரம்பித்தார். பிற்பாடு இந்தியாவின் வெவ்வேறு பகுதிச் சாப்பாடுகளை எலிகளுக்குப் போட்டு எடை பார்த்தார். சீக்கியர் சாப்பாடு தின்ற எலி முதலிடம், மதராஸிச் சாப்பாடு தின்ற எலி கடைசி. (மராட்டியர் சாப்பாடு நமக்கு எவ்வளவோ மேலே. இதை ஆபீஸில் சொல்லி மாட்டிக்கொண்டேன்!)

1935-ல் இயக்குநராக வந்தவர் டபிள்யூ.ஆர்.அய்க்ராய்ட். இந்திய உணவுகளின் சத்து மதிப்பை அட்டவணையாகப் போட்டு 1937-ல் ஒரு சிறு நூல் வெளியானது. பின்னால் வந்த அட்டவணைகளுக்கெல்லாம் மூதாதை அதுதான். கலோரிக் கணக்கு சுலபம். மாவுச்சத்து, புரதம் கிராமுக்கு 4, கொழுப்பு 9. அமெரிக்கர் அட்வாட்டர் 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் வகுத்த வழி அது.

ஆனால் அந்த அட்டவணை யாருக்காக? ஏழைக் குடும்பத்துக்கு, ஹாஸ்டலுக்கு. அன்றைய கேள்வி "இவர்களுக்குப் போதுமா?" என்பது. என் கேள்வி நேர் எதிர். அதனால் அதில் இருந்தது அரிசி, பருப்பு, எண்ணெய் என்று சமைக்காத பொருள்கள்தான். சாம்பாருக்கும் பொரியலுக்கும் அதில் எங்கே போவது?

1958-ல் ஆய்வகம் ஹைதராபாத்துக்குப் போனது, 1969-ல் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் ஆனது. 1971-ல் சேலத்தில் பிறந்த சி.கோபாலனும் இரண்டு சகாக்களும் புதுப் புத்தகம் போட்டார்கள். 2017 அட்டவணையில் 528 உணவுகள். இப்போதும் பெரும்பாலும் மூலப்பொருள்தான். சமைத்த பண்டங்களுக்கு அதே நிறுவனம் ஒரு தனிப் பட்டியல் தருகிறது. இரண்டு இட்லி 150, ஒரு தோசை 125. அந்தத் தோசையைச் சுட்டவர் அண்ணாச்சி கடை முறுகலைப் பார்த்ததில்லை என்று நினைக்கிறேன்.

எனக்கு வழி காட்டியது அட்டவணை இல்லை, அந்தக் காலத்து சர்வே. முப்பதுகளில் அய்க்ராய்டின் ஆட்கள் தென்னிந்திய கிராமங்களில் "எவ்வளவு சாப்பிட்டீங்க?" என்று கேட்டுக்கொண்டிருக்கவில்லை. சமைக்கும் முன்பே பொருளை நிறுத்தார்கள். வளர்ந்த ஆண் ஒரு பங்கு, பெண்ணுக்கும் குழந்தைக்கும் அதற்குக் கீழே என்று வைத்து வகுத்தார்கள். பி.காம். படித்தவனுக்கு இது புதுசா? ஆரம்ப இருப்பு, கொள்முதல், இறுதி இருப்பு. தட்டைப் பார்க்காதே, ஸ்டோர் ரூமைப் பார்!

அண்ணாச்சியிடம் கேட்டேன்.

"மதியச் சாப்பாட்டுக்கு அரிசி எவ்வளவு போகும் அண்ணாச்சி?"

"ஒரு சிப்பம் சார், இருபத்தஞ்சு கிலோ. எரநூறு எலை."

"எண்ணெய்?"

"பதினஞ்சு கிலோ டின் ரெண்டு நாளைக்கு வரும். ராத்திரி டிபனுக்குத் தனி. என்ன சார், இன்கம் டாக்ஸா?"

கணக்கு இது. ஆளுக்கு அரிசி 125 கிராம். 2017 அட்டவணையில் பச்சையாக 100 கிராமுக்கு சுமார் 356 கலோரி, ஆக 445. எண்ணெய் 37 கிராமுக்குக் கொஞ்சம் மேலே, அது ஒரு 335. கடாயில் மிஞ்சுவதைக் கழித்தாலும் முந்நூறுக்குக் குறையாது. 2024-ல் அந்த நிறுவனம் வெளியிட்ட 2000 கலோரி மாதிரித் தட்டில் எண்ணெயும் கொழுப்பும் ஒரு நாள் முழுக்கவே 27 கிராம்தான். நான் அதை மதியமே தாண்டியாச்சு. அதுவும் எங்கே இருக்கிறது என்று கண்ணுக்கே தெரியாது. சோற்றைக் குறைத்துவிட்டு உருளைக்கிழங்கு ரோஸ்ட்டை இரண்டாம் முறை கேட்ட என் சாமர்த்தியத்தை என்ன சொல்ல!

இந்த முறையில் ஓட்டை இருக்கிறது. இருநூறு பேரின் சராசரி அது. கொறிக்கிற காலேஜ் பெண்ணும் அதில் உண்டு, ரசத்துக்கு மறுசோறு வாங்குகிற நானும் உண்டு. என் பங்கு ஒன்றரை என்று வைத்தேன் (நேர்மையாகத்தான்). அப்போது அரிசி மட்டும் 670 கலோரி, மாவுச்சத்து கிட்டத்தட்ட 147 கிராம். சர்க்கரைக்காரனுக்கு முக்கியம் இரண்டாவது எண்.

தாளைப் பார்த்த டாக்டரம்மா, எண்ணெய் டின் கணக்கு எழுதிவந்த முதல் பேஷன்ட் நான்தான் என்றார். சோறு இப்போது ஒரே முறை, ரோஸ்ட்டுக்குப் பதில் கூட்டு. அண்ணாச்சிக்குக் கொஞ்சம் வருத்தம், அப்பளத்தை மட்டும் கேட்காமலே வைத்துவிடுகிறார். அடுத்த டெஸ்ட் ஜூலையில்.